உப்பளக் கூலியும் ஊதிய இடைவெளிக் கணக்கும்

தூத்துக்குடி உப்பளங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. பலகையால் உப்பை வாரிக் கரையோரம் குவிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதை அள்ளித் தலைச்சுமையாக அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுபவர்கள் பெண்கள். இருவருக்குமே காலில் வெடிப்பு, கண்ணில் எரிச்சல். கூலி மட்டும் பெண்ணுக்குக் குறைவு. கேட்டால், “அது வேற வேலை, இது வேற வேலை” என்பார்கள்.

இந்தப் பதில் சட்டத்தின் முன் அவ்வளவு எளிதாக நிற்காது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு மட்டுமல்ல, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம கூலி என்றது. அந்தச் சட்டம் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருந்தால் வேலையின் பெயரை மாற்றித் தப்ப முடியாது.

துறைமுக ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கப்பல் கம்பெனி வழக்கே சாட்சி. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனம் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்குத் தனிப் பதவிப்பெயர் கொடுத்து, ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவாகச் சம்பளம் தந்தது. ஆட்ரி டி’கோஸ்டா என்ற ஊழியர் வழக்குத் தொடுத்தார். தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, கொடுக்க வசதியில்லை என்றெல்லாம் நிறுவனம் சொல்லிப் பார்த்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை.

‘ஊதிய இடைவெளி அறிக்கை’ என்று உலகம் இப்போது பேசுவது வேறொரு கணக்கு. இறால் பதப்படுத்தும் கூடம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தோலுரிக்கும் 80 பெண்களுக்கு நாள் கூலி 450 ரூபாய். மேற்பார்வையாளர், ஓட்டுநர் என்று 20 ஆண்களுக்கு 900 ரூபாய். ஆண்களைக் கூலி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் கூலியை எடுங்கள், பெண்களுக்கும் அப்படியே. வித்தியாசம் 450. ஆண் கூலியில் அது சரிபாதி, ஆக இடைவெளி 50 சதவீதம். இங்கே சம ஊதிய விதி மீறப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பெண்கூட ஏன் மேற்பார்வையாளர் ஆகவில்லை என்ற கேள்வியை அந்த எண் கிளப்பிவிடும். அறிக்கையின் பயனே அதுதான்.

பிரிட்டனில் 250 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி இந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், யாரும் பார்க்கலாம். ஆஸ்திரேலியா 2024இல் தனியார் நிறுவனங்களின் எண்களைப் பெயரோடு வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி இன்னும் கறாரானது: ஒரே வகை வேலையில் குறைந்தது 5 சதவீத இடைவெளி இருந்து, அதற்குக் காரணமும் சொல்ல முடியாமல், சரிசெய்யவும் இல்லையென்றால், தொழிலாளர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து ஆராய வேண்டும்.

இந்தியாவில் எல்லா முதலாளிகளுக்கும் இப்படியொரு கட்டாயம் இல்லை. பழைய சம ஊதியச் சட்டத்தில் ஆண், பெண் கூலியைக் காட்டும் பதிவேடு இருந்தது. அதுவும் ஆய்வாளர் கண்ணுக்கு மட்டும்தான். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள பங்குச்சந்தை நிறுவனங்கள் மட்டும் ஆண், பெண் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளத்தை, தனித்தனியே வெளியிட வேண்டும். 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இதைக் கட்டாயமாக்கியது. பாத்தியில் நிற்பவருக்கு இதனால் லாபமில்லை. சிறு உப்பளங்களும் ஒப்பந்தக்காரர்களும் பங்குச்சந்தைப் பட்டியலில் வருவதில்லை. இடைவெளி கண்கூடாகத் தெரியும் இடத்தில் அறிக்கை கிடையாது என்பது என் பார்வையில் பெரிய ஓட்டை. சிறு முதலாளியிடம் நீண்ட அறிக்கை கேட்க வேண்டாம். ஆண் கூலி இவ்வளவு, பெண் கூலி இவ்வளவு என்று வேலையிடத்தில் ஒரு பலகை எழுதி வைக்கச் சொன்னாலே போதும்.

அதுவரை கையில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். புதிய தொகுப்பின்படி முதலாளி கூலிச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள். குறைவாகக் கிடைத்த கூலிக்கு மூன்று ஆண்டுக்குள் உரிய அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் தொழிற்சங்கமே மனுச் செய்யலாம்.