பூட்டும் பூண்டும்

திண்டுக்கல் பூட்டும், அதே மாவட்டத்துக் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். அவற்றுள் ஒன்றை நாடி இணையத்தில் தேட முற்படும் ஒருவர், அவசரத்தில் ஓரெழுத்தை விட்டுப் ‘பூடு’ என்று தட்டச்சிடுவாரேயானால், அவர் வேண்டியது இரும்பா, உணவுப்பொருளா என்பதைத் தேடுபொறி எவ்வாறு நிர்ணயிக்கும் என்பது, கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினும், மொழியையும் கணிதத்தையும் ஒருங்கே சோதிக்கும் விஷயமாகும்.

ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணி, அவ்வெண்ணையே இரு சொற்களின் இடைத்தூரமாகக் கொள்ளும் முறையை 1965-இல் சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வகுத்தார். பெரும்பாலான பிழைகள் ஓரெழுத்துப் பிசகே என்பதால், தேடுபொறிகள் பல இரண்டு மாற்றங்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. யூனிக்கோடிலோ நம் ‘ட்’ என்னும் ஓரெழுத்து, உருவும் புள்ளியுமாக இரண்டு குறிகள். குறிகளை எண்ணும் யந்திரம், ஓரெழுத்து விடுபட்ட மாத்திரத்தில் தன் சலுகை முழுவதையும் செலவழித்துவிடுகிறது. தமிழுக்கு எழுத்தை எண்ணுவதே பொருத்தம்.

அவ்வாறு எண்ணினும், ‘பூடு’ என்பதிலிருந்து பூட்டும் பூண்டும் சமதூரத்திலேயே நிற்கின்றன. ‘பூடு’ என்பதும் செடியைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல்லே. ஆகவே, ‘திண்டுக்கல்’ முன்னே நின்றால் பூட்டையும், ‘கொடைக்கானல்’ நின்றால் பூண்டையும் முன்வைக்குமாறு, எச்சொல் எச்சொல்லோடு சேர்ந்து வழங்குகிறது என்ற கணக்கையும் கொடுத்தல் அவசியம்.

எல்லாப் பிழைகளும் ஒரே நிறையுடையன அல்ல. ‘சிறுமலை’ என்னும் ஊர்ப்பெயரைச் ‘சிருமலை’ என்று எழுதுபவர் தம் காதில் விழுந்ததையே எழுதுகிறார். பள்ளியில் மயங்கொலிகள் என்று நாம் கற்ற ண-ந-ன, ல-ழ-ள, ர-ற என்னும் எட்டும் தத்தம் இனத்துள் மாறும்போது அத்தூரத்தைக் குறைத்துக் கணிப்பதே நியாயம். அச்சலுகையை வரம்பின்றி வழங்கினாலோ, சிறுமலை வாழைப்பழத்தைத் தேடுபவருக்குச் சிறுமழை பற்றிய செய்தி வந்து சேரும். அருகி வழங்கும் ஊர்ப்பெயர், பெருகி வழங்கும் சொல்லுக்குப் பலியாகும்.

பிழையே அல்லாத வேற்றுமையும் உண்டு. வத்தலக்குண்டுக்கு ஆங்கில எழுத்தில் ‘பட்லகுண்டு’ என்ற வடிவமும் நெடுநாளாக வழங்குகிறது. முதலெழுத்து பொருந்தியே தீரவேண்டும் என்று விதித்துக்கொண்ட தேடுபொறி, இரண்டும் ஓரூர் என்று ஒருநாளும் அறியாது. 2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றி ஆணையிட்டு, அவ்வாண்டிலேயே அதைத் திரும்பப் பெற்றதை நினைவுகூர்வோர், இத்தகைய இரட்டை வடிவங்கள் எத்துணை மிகுதி என்பதை உணர்வர். இவற்றை இணைப்பது தூரக்கணக்கு அன்று. ஊரறிந்தவர் எழுதித் தரும் பெயர்ப்பட்டியலே.

பூட்டின் தகடுகளை அரத்தால் தேய்த்துப் பொருத்தும் கைவினைஞர், மிகுதியாகத் தேய்த்தால் அயல் சாவிக்கும் திறக்கும், குறைவாகத் தேய்த்தால் தன் சாவிக்கே திறவாது என்பதை அறிந்து, சிறிது தேய்த்துச் சோதித்து, மீண்டும் சிறிது தேய்ப்பார். தேடுபொறியைச் செம்மை செய்வோரும் அவ்வாறே, மக்கள் மெய்யாகத் தேடிய சொற்களைக் கொண்டு ஒவ்வொரு வரம்பையும் சோதித்துப் பார்க்கவேண்டும்; ஐயமுள்ள இடத்தில் சொல்லைத் தாமே மாற்றிவிடாமல், ‘இதையா தேடினீர்கள்?’ என்று கேட்டு, எழுதப்பட்ட சொல்லுக்குரிய விடையையும் அருகே வைக்கவேண்டும். தன் ஊரின் பெயரை அறிந்தவர் தேடுபவரே ஆதலின், இறுதித் தீர்ப்பும் அவருடையதே.