குழந்தையைத் தொடும் கை சுத்தமா?



நம்ம வீட்டுப் பொண்ணுக்குக் குறை மாசத்துல பிள்ளை பிறந்தா, பச்சிளங்குழந்தை வார்டுல வைக்கிறாங்க. அங்கே டாக்டர், நர்ஸ், ஆயா என்று ஒரே நாளில் பல கைகள் அந்தக் குழந்தையைத் தொடுகின்றன. குறை மாதக் குழந்தைக்குத் தோல் மெல்லியது, எதிர்ப்பு சக்தியும் குறைவு. கழுவாத கை வழியாக ஒரு குழந்தையின் கிருமி அடுத்த குழந்தைக்குப் போகும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

கை கழுவுறதுல அவ்வளவு இருக்கா?

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. 1846ல் மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் 100 தாய்மாரில் சுமார் 3 பேர் இறந்தார்கள். டாக்டர்கள் பார்த்த வார்டில் சுமார் 11 பேர். செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்த்தார்கள். 1847ல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். 1848ல் சாவு 100க்கு ஒன்றரைக்கும் கீழே வந்தது!

ஊழியர்கள் எப்போது கழுவ வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 நேரங்கள்:

1. குழந்தையைத் தொடும் முன்
2. ஊசி, டியூப் போடும் முன்
3. ரத்தம், மலம், சிறுநீர் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின்
4. குழந்தையைத் தொட்ட பின்
5. படுக்கை, சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின்

சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கைக்குத் தேய்க்கும் மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி. கையில் அழுக்கு தெரிந்தால் சோப்புதான் போட வேண்டும். கையுறை போட்டாலும் கை கழுவணும்.

ஏன் விட்டுப் போகிறது?

நர்சம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவரே பல குழந்தைகளைப் பார்க்கிறார். குழாய் தூரத்தில் இருக்கும், சோப்பு தீர்ந்திருக்கும். ஒவ்வொரு படுக்கை பக்கத்திலும் மருந்து பாட்டில் வைத்தால் பழக்கம் தானாக வரும்.

நாம என்ன செய்யலாம்?

உள்ளே போகும்போது வளையல், மோதிரத்தைக் கழற்றி, முழங்கை வரை கழுவுங்க. நகத்தை ஒட்ட வெட்டுங்க. "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்க. கேட்பது தப்பில்லை. தண்ணீர், சோப்பு இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கத்துக்கு மனு கொடுங்க. தனியாகக் கேட்கத் தயக்கமா? குழுவாகச் சேர்ந்து கேட்போம்.