மிதவைக் கடற்பாசியும் அதனைச் சார்ந்த கடலுயிர்களும்: சர்காசோ கடலை முன்வைத்து

வட அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அமைந்துள்ள சர்காசோ கடலுக்குக் கரை இல்லை. நான்கு புறமும் சுழன்றோடும் பெருங்கடல் நீரோட்டங்களே அதன் எல்லைகளாக அமைகின்றன. சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி அங்கு மிதப்பதாலேயே அக்கடல் இப்பெயர் பெற்றது. மன்னார் வளைகுடாவில் காணப்படும் சர்காசம் இனங்கள் பாறைகளைப் பற்றி வளர்பவை. சர்காசோ கடலின் சர்காசம் நேட்டன்ஸ், சர்காசம் புளூயிட்டன்ஸ் ஆகிய இரண்டு இனங்களோ வாழ்நாள் முழுவதும் மிதப்பவை. சிறு காற்றுப்பைகள் அவற்றை நீர்மட்டத்தில் நிறுத்துகின்றன. உடையும் துண்டுகளே தனிப் பாசிகளாக வளர்கின்றன.

பல ஆயிரம் மீட்டர் ஆழமுடைய நீர்ப்பரப்பில் சிற்றுயிர்கள் ஒதுங்குவதற்குரிய ஒரே இடம் இப்பாசித்திரளே. ஆதலின் இங்கு வாழும் உயிர்களின் உடலமைப்பு பாசியை ஒட்டியே அமைந்துள்ளது. இதற்குத் தெளிவான சான்று ஹிஸ்ட்ரியோ ஹிஸ்ட்ரியோ எனப்படும் சர்காசம் மீன் ஆகும். ஏறத்தாழ 20 செ.மீ. வரை வளரும் இம்மீனின் உடலெங்கும் பாசியிலை போன்ற தசைத்தொங்கல்கள் உள்ளன. நிறத்தை வெளிறச் செய்யவும் கருமையாக்கவும் இதனால் இயலும். மார்புத்துடுப்புகளைக் கைகளைப்போல் பயன்படுத்திப் பாசியைப் பற்றி ஊர்ந்து, அருகில் வரும் இரையை நொடியில் விழுங்குகிறது; தன் இனத்தையும் விட்டுவைப்பதில்லை. இம்மீனைப் பற்றிய விளக்கங்களில் நிறமே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் பற்றிக்கொள்ளும் திறனும் அதற்குக் குறைந்ததன்று. பிடி தளர்ந்து விலகும் உயிருக்குக் கீழே தரை என ஒன்று அருகில் இல்லை. பழுப்புநிற இறால்கள், நீந்தும் நண்டுகள், பாசியின்மேல் படரும் ஹைட்ராய்டுகளை உண்ணும் ஓடில்லாக் கடல்நத்தைகள் ஆகியவையும் இத்திரளிலேயே வாழ்கின்றன.

சில உயிர்கள் இளமைப் பருவத்தில் மட்டும் இங்குத் தங்குகின்றன. புளோரிடாக் கடற்கரையில் பொரிக்கும் பெருந்தலை ஆமைக் குஞ்சுகள் கடலுக்குள் நீந்திச் சென்று பாசித்திரளில் அடைக்கலம் புகுகின்றன. அமெரிக்க அரசு 2014இல் இவ்வாமைக்கென அறிவித்த இன்றியமையா வாழிடங்களுள் மிதக்கும் சர்காசம் பரப்பும் அடங்கும்.

இதே பாசி 2011 முதல் சர்காசோ கடலுக்குத் தெற்கே, வெப்பமண்டல அட்லாண்டிக்கிலும் பெருந்திரளாகத் தோன்றி வருகிறது. 2018இல் மேற்கு ஆப்பிரிக்கா முதல் மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கி.மீ. நீளத்திற்குப் பரவிய அத்திரளின் எடை 2 கோடி டன்னுக்கும் மிகுதி. கரீபியக் கரைகளில் ஒதுங்கும் பாசி அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகிறது. கரையோரக் கடற்புல்லின்மீது ஒளி விழாமல் மறைக்கிறது. முட்டையிட வரும் ஆமைகளின் வழியையும் அடைக்கிறது. பாசியுடன் வந்த நண்டுகளும் இறால்களும் மணலிலேயே மடிகின்றன.

எனவே கரையை அடையுமுன் பாசியை அள்ளிவிட வேண்டும் என்னும் கோரிக்கை இயல்பானதே. ஆனால் நடுக்கடலில் வலையிட்டு அள்ளினால் அதில் வாழும் மீன்களும் ஆமைக்குஞ்சுகளும் உடன் அள்ளப்படும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்பகுதியில் சர்காசம் அறுவடை 2003 முதல் கடுமையாக வரையறுக்கப்பட்டிருப்பது அது மீன்களின் வாழிடம் என்பதனாலேயே ஆகும். கரையிலிருந்து எத்தொலைவில் அள்ளுவது என்பதே இன்று எஞ்சி நிற்கும் வினா.