படகுக்கு ஏற்ற டிரெய்லர்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கார்களின் எண் பலகையிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று பொறித்திருப்பார்கள். அங்கே ஏரிக்கரையில் வீடு இல்லாதவர்களும் மோட்டார் படகு வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் காரின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி, படகை ஏரிக்கு இழுத்துப்போய், கரைச் சரிவில் பின்னோக்கி இறக்கி மிதக்கவிடுவார்கள். மாலையில் திரும்ப ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோனால் மாதக்கணக்கில் படகு டிரெய்லர்மேலேயே கிடக்கும். தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிட டிரெய்லரில் இருக்கும் நேரமே அதற்குப் பன்மடங்கு. படகைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், அதைச் சுமக்கும் வண்டியையும் அதே கவனத்தோடு வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

டிரெய்லர் வாங்கப் போனால் முதலில் எழும் கேள்வி, எத்தனை அடிப் படகு என்பது. அந்தக் கேள்வி போதாது. 20 அடி அலுமினிய மீன்பிடிப் படகையும் 20 அடி ஃபைபர் கிளாஸ் உல்லாசப் படகையும் பக்கத்தில் நிறுத்தினால் நீளம் ஒன்றுதான். எடையில் பல நூறு கிலோ வித்தியாசம் இருக்கும். அச்சும் வில்லும் டயரும் தாங்க வேண்டியது எடையை. அதுவும் படகு விவரக் குறிப்பில் அச்சடித்த எடையை அல்ல, சாலையில் ஓடும்போது உள்ள எடையை.

இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறிப்பில் ஒரு 20 அடிப் படகின் ‘உலர் எடை’ 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தொங்கவிடும் எஞ்சின் பெரும்பாலும் இதில் சேராது. 150 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். 210 என்று போடுவோம். தொட்டியில் 150 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 110 கிலோ. இரண்டு பேட்டரி 50 கிலோ. நங்கூரம், கயிறு, உயிர்காப்பு உடைகள், ஐஸ் பெட்டி, சறுக்குப் பலகை எல்லாம் சேர்ந்து 120 கிலோ ஆவது பெரிய விஷயமல்ல. மொத்தம் 1,640 கிலோ. குறிப்பில் பார்த்ததைவிட 490 கிலோ அதிகம். படகின் அடிவயிற்றில் தேங்கும் தண்ணீரையும் மறக்கக் கூடாது. லிட்டருக்கு ஒரு கிலோ. மின்னசோட்டாவில் படகை ஏரியிலிருந்து எடுத்ததும் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் இழுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ஏரியின் வேண்டாத உயிரினம் இன்னொரு ஏரிக்குப் போய்ச் சேராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. டிரெய்லருக்கும் அதனால் பாரம் குறைகிறது.

படகில் ஒரு தகடு இருக்கும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். சிலர் அந்த எண்ணைப் படகின் எடை என்று எடுத்துக்கொண்டு டிரெய்லர் தேடுகிறார்கள். அது படகுக்குள் ஏற்றக்கூடிய சுமை. படகின் எடை அல்ல.

டிரெய்லரின் தகட்டில் இருப்பது மொத்த எடை வரம்பு. டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் படகுக்கு. நம் 1,640 கிலோவுக்குச் சரியாக 1,640 கிலோ தாங்கும் வண்டி வாங்கினால், ஒவ்வொரு பயணத்திலும் அது முழு வரம்பில் ஓடும். 15 விழுக்காடாவது மிச்சம் வைக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலான அறிவுரை. அப்படியானால் 1,930 கிலோ தாங்கும் வண்டி தேவை. டிரெய்லரின் சொந்த எடை 430 கிலோ என்றால், தகட்டில் 2,360 கிலோவுக்குக் குறையாத எண் இருக்க வேண்டும். அமெரிக்கத் தகடுகளில் இது பவுண்டில் வரும்: ஏறத்தாழ 5,200. படகு டிரெய்லர்களில் அதிகம் காணப்படும் அச்சு ஒன்று 3,500 பவுண்டுதான் தாங்கும். ஆகவே இந்தப் படகுக்கு இரட்டை அச்சு நல்லது. டயர் செலவு கூடும், குறுகிய இடத்தில் திருப்புவது கடினம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் ஆட்டம் குறைவு. ஒரு டயர் வெடித்தாலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழாது.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய டிரெய்லரை வாங்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. வில்கள் தாங்கும் எடைக்கேற்ப விறைப்பாகச் செய்யப்பட்டவை. கனமான படகுக்கான வில்லின்மேல் இலகுவான படகை வைத்தால் வில் வளைந்தே கொடுக்காது. சாலைக் குழியின் ஒவ்வொரு அடியும் நேராகப் படகின் அடித்தளத்தில் இறங்கும். டிரெய்லர் சிறிதானால் அதுவே முறியும், பெரிதானால் படகை வருத்தும்.

எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே இறங்குகிறது என்பதும் உண்டு. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னால் போதும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து அழுந்தும். டிரெய்லரின் மூக்கு காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின்மேல் உட்காருகிறது. படகு டிரெய்லரில், மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு அந்தக் குண்டின்மேல் இறங்க வேண்டும். நம் உதாரணத்தில் படகும் டிரெய்லரும் சேர்ந்து 2,070 கிலோ. ஆகவே 104 கிலோவிலிருந்து 207 கிலோவுக்குள். இதைவிடக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் பாம்புபோல் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வலுத்தால் காரையே கவிழ்க்கும். கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும், திருப்பியது திரும்பாது. கார் எவ்வளவு இழுக்கலாம், குண்டின்மேல் எவ்வளவு தாங்கலாம் என்ற இரண்டு வரம்புகளும் காரின் கையேட்டில் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

நீளத்துக்கு முக்கியமான வேலை இருக்கும் இடம் படகின் பின்புறம். கம்பளம் போர்த்திய நீளச் சட்டங்களின்மேல் படகு படுத்திருக்கும். எஞ்சினைத் தாங்கும் பின்பலகைவரை அந்தச் சட்டங்கள் எட்ட வேண்டும். ஓரிரு அங்குலம் தாண்டினாலும் நல்லது. எட்டாமல் முன்னாலேயே நின்றுவிட்டால், 200 கிலோ எஞ்சின் படகின் பின்பகுதியை அந்தரத்தில் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஒரு குளிர்காலம் முழுவதும் அப்படிக் கிடந்தால் ஃபைபர் கிளாஸ் அடித்தளம் மெல்ல வளைந்து, பின்விளிம்பு கீழ்நோக்கித் திரும்பிவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத வளைவு. தண்ணீரில் இறக்கினால் தெரியும்: வேகம் எடுக்கும்போது அந்த வளைவு பின்பக்கத்தைத் தூக்கி அணியத்தை நீருக்குள் அழுத்தும், படகு பழைய வேகத்துக்கு வராது. எஞ்சினில் கோளாறு என்று நினைத்துப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. சட்டங்களுக்குப் பதில் ரப்பர் உருளைகள் வைத்த டிரெய்லர்களும் இருக்கின்றன. நீர் ஆழமில்லாத சரிவில் ஏற்றி இறக்க அவை எளிது. ஆனால் எடை சில புள்ளிகளில் மட்டும் குவிவதால், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் கனமான படகுக்கு நான் சட்டத்தையே சொல்வேன்.

அகலத்தில் தேர்வு குறைவு. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதியில்லாமல் செல்லக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். படகுக் கம்பெனிகளின் பட்டியலைப் புரட்டினால் இதே அகலம் திரும்பத் திரும்ப வரும். படகின் வடிவத்தைச் சாலை தீர்மானித்திருக்கிறது.

பிரேக்கைப் பொறுத்தவரை பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். படகு டிரெய்லர் நீரில் முங்குவதால் மின்சார பிரேக்கைவிட, கார் வேகம் குறையும்போது டிரெய்லரே முன்னோக்கித் தள்ளும் விசையால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் அதிகம் புழங்குகிறது. நீரில் முங்குவதன் இன்னொரு விளைவு சக்கர பேரிங்கில் தெரியும். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த ஏரியில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸை உள்ளிருந்து லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடிகள் இதற்காகவே வந்தவை.

வாங்கிய பின் ஒருமுறை லாரி எடைமேடைக்குப் போக வேண்டும், முழுச் சுமையோடு. டிரெய்லரைக் கழற்றி மேடையில் தனியே நிறுத்தினால் மொத்த எடை. காரில் பூட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினால் வருவது அச்சின் பாரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காரின்மேல் இறங்கும் முன்பாரம். அது குறைவாக இருந்தால், படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை முன்னே தள்ளிப் படகை நகர்த்தலாம். பின்பலகை சட்டத்தின்மேல் இன்னும் நன்றாக உட்காரும். அதிகமாக இருந்தால் படகைப் பின்னே தள்ளத் தோன்றும். அப்படிச் செய்தால் பின்பலகை சட்டத்தைத் தாண்டித் தொங்கிவிடும். படகை அப்படியே விட்டுவிட்டு அச்சை முன்னே நகர்த்துவதுதான் வழி. நகர்த்திய இடத்துக்குப் பிரேக் குழாய் எட்டுகிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை முறுக்கிவிட்டு மறுபடியும் எடை போட வேண்டும்.