கம்பெனி: ரொட்டியிலிருந்து தொழிற்பேட்டை வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் ‘கம்பெனி’ என்பது ஓர் இடம். கேட், ஷிப்ட், கேன்டீன் எல்லாம் அதற்குள் அடக்கம். ‘கம்பெனிக்குப் போயிருக்கார்’ என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். தொடக்கத்தில் இச்சொல் இடத்தைக் குறிக்கவில்லை, மனிதரையே குறித்தது.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வேர் லத்தீனில் உள்ளது: ‘கோம்’ என்றால் கூட, ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தின்பவர்கள்தான் முதல் கம்பெனி. ‘டீ குடிக்க ஒரு கம்பெனி கொடுங்க’ என்று அழைப்பவர், தம்மையறியாமலே அந்த மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறார்.

துணை என்ற பொருள் விரிந்து படைப்பிரிவுக்கும் வணிகர் கூட்டுக்கும் பெயரானது. 1600 டிசம்பர் 31 அன்று லண்டன் வணிகர்களுக்கு முதலாம் எலிசபெத் அளித்த பட்டயத்தால் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. டச்சுக் கம்பெனி 1602இல் தோன்றியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு முதலில் வந்தது இந்த டச்சுக் கம்பெனிதான். பழவேற்காட்டில் அதன் கெல்டிரியா கோட்டை 1613இல் எழுந்தது. ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றியது 1639இல்.

தமிழர் நாவில் சொல் ‘கும்பினி’ ஆயிற்று. வணிகம் செய்ய வந்த கும்பினி படை வைத்தது, வரி வசூலித்தது. ஆகவே மக்களுக்கு அது அரசாங்கத்தின் பெயராகவே இருந்தது. 1858இல் அந்த ஆட்சி முடிந்தது. அதே சொல்லைப் பின்னர் வ.உ.சி.யும் கையில் எடுத்தார். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்குதாரர்களின் பணத்தில் வெள்ளையர் கப்பலோடு போட்டியிட்டது. அக்காலத்தில் நாடகக் குழுக்களும் கம்பெனிகளே.

சட்டம் இச்சொல்லை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனது. அதன் பார்வையில் கம்பெனி என்பது அதன் உறுப்பினர்களிடமிருந்து வேறான தனி ‘நபர்’. சொத்து வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் ஒரே ஒருவர் கம்பெனி தொடங்கவும் வழிவிட்டது. கூடியுண்டவர்களின் பெயரில் கூட்டம் இல்லாமற்போனது அங்கேதான்.

பேச்சுவழக்கு வேறு பாதையில் நடந்தது. மெக்கானிக் கடையில் ‘கம்பெனி அயிட்டம்’ என்றால் அசல் உதிரிபாகம். தொழிற்பேட்டையிலோ, சட்டம் பிரித்துவைத்த தொழிற்சாலையும் கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. சம்பளம் கான்ட்ராக்டரிடமிருந்து வந்தாலும், ‘எந்தக் கம்பெனி?’ என்று கேட்டால் தொழிலாளி சொல்வது தான் நின்று வேலை பார்க்கும் ஆலையின் பெயரைத்தான்.