பலாலியில் எந்த விமானம் இறங்கும்?

ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில்தான் வந்து இறங்குகிறார்கள். உறவினர் வான் பிடித்துக்கொண்டு வந்து காத்து நிற்பார்கள். அங்கிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று இரவு முழுவதும் ஓட்டம். யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில், பலாலியில், பெயரிலேயே 'சர்வதேச' என்று எழுதிய விமான நிலையம் ஒன்று இருக்கும்போது ஏன் இந்த அலைச்சல்? இந்தக் கேள்விக்கு "எல்லாம் அரசியல்" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்கிறோம். அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த விமானம் வரும், எந்த நிறுவனம் வரும், இருக்கை என்ன விலைக்கு விற்கும் என்பதையெல்லாம் முதலில் தீர்மானிப்பது ஓடுபாதைதான். அதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை போட்டது. போர் முடிந்த பின் அது குடிமக்களின் பயணத்துக்கு வந்தது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம், ஒரு டக்கோட்டா, கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டபோது வழியில் தங்கிச் சென்ற இடம் காங்கேசன்துறை, அதாவது இதே பலாலி. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்த காலம் அது. பிற்பாடு திருச்சிக்கும் இங்கிருந்து விமானம் பறந்தது. இன்று பலாலியைப் புதிய விமான நிலையம் என்று நினைக்கும் இளையவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இது புதிதாகக் கிடைத்த சலுகை அல்ல, இடையில் பறிபோய்த் திரும்பி வந்த ஒன்று.

பறிபோன கதை நீண்டது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் நிலையம் இலங்கை விமானப் படையின் கைக்குப் போனது. 1990 ஜூனில் பலாலி, வசாவிளான், மயிலிட்டி, காங்கேசன்துறை உட்பட வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. அந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டன. தரைவழி மூடிக்கிடந்த ஆண்டுகளில் கொழும்புக்குப் போக இரத்மலானை விமானமும் கப்பலுமே வழி. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். மருத்துவத்துக்கும் அலுவலுக்கும் போய்வர வேறு வழியில்லாமல் ஏறியவர்கள் அதில் பலர். பலாலி பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

போர் முடிந்து பத்தாண்டு கழிந்த பின், 2019 ஜூலையில் புனரமைப்பு வேலை தொடங்கியது. திட்டச் செலவு 225 கோடி இலங்கை ரூபா என்று சொல்லப்பட்டது. அதில் 30 கோடி இந்தியாவின் பங்கு. 2019 ஒக்டோபர் 17 அன்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று திறந்து வைத்தார்கள். அன்றைக்கே சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் ஒன்று வந்து இறங்கியது.

இனி ஓடுபாதை. பலாலியில் உள்ள முழுப் பாதை ஏறத்தாழ 2,300 மீற்றர். 2019 இல் அதில் ஒரு பகுதியைத்தான் பயணிகள் விமானத்துக்கு ஏற்றபடி செப்பனிட்டார்கள். அந்த அளவுக்குப் பொருந்துவது ஏ.ரி.ஆர். 72 என்ற வகை. இரண்டு சுழல்விசிறி எந்திரம், 70 முதல் 78 இருக்கை. முழுச் சுமையோடு மேலெழ ஏறத்தாழ 1,300 மீற்றர் போதும். கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறக்கும் எயார்பஸ் ஏ320 வகைக்கு நிறைசுமையில் 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகும் அகன்ற உடல் விமானங்களுக்கு 3,000 மீற்றர் அளவில் தேவைப்படும். கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர், 2013 இல் திறந்த மத்தளை விமான நிலையத்தினது 3,500. மத்தளையில் உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமே இறங்கலாம், இறங்கத்தான் ஆளில்லை. பலாலியில் ஆளுண்டு, பாதை போதாது.

வெயிலும் இதில் சேரும். காற்று சூடேறினால் அடர்த்தி குறையும், இறக்கை தூக்கும் விசையும் எந்திரத்தின் வலுவும் குறையும், ஓடவேண்டிய தூரம் கூடும். சித்திரை வெயிலில் விமானம் சுமையைக் குறைத்துக்கொண்டு கிளம்ப நேர்வது இதனால்தான். ஆனால் காற்றின் திசை பலாலிக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் எப்போதும் எதிர்காற்றில் ஏறி எதிர்காற்றில் இறங்கவே விரும்பும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும், கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் வீசுகின்றன. குடாநாட்டின் மீனவர்கள் பாய்விரிக்கப் பார்த்த அதே காற்றைப் பார்த்துத்தான் இந்தப் பாதையையும் போட்டிருக்கிறார்கள்.

விமானம் எது என்று தெரிந்தால் நிறுவனம் எது என்பதும் தெரியும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வைத்திருப்பதெல்லாம் ஏ320, ஏ321, ஏ330 வகைகள், அவர்களிடம் ஏ.ரி.ஆர். இல்லை. நாட்டின் சொந்த விமான நிறுவனம் பலாலிக்கு வராததற்கு மனமின்மை மட்டும் காரணமல்ல. இந்தியாவிலோ ஏ.ரி.ஆர். நிறைய உண்டு. சிறு நகரங்களை இணைக்க 2016 இல் இந்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டம் அவற்றுக்கு வேலை கொடுத்தது. அப்படிச் சிறுநகரங்களுக்குப் பறக்கும் நிறுவனம்தான் அலையன்ஸ் எயார். முன்பு எயார் இந்தியாவின் துணை நிறுவனம், எயார் இந்தியா 2022 இல் டாட்டாவிடம் போன பின்னும் இது அரசிடமே நின்றது. 2019 நவம்பரில் சென்னைச் சேவையைத் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நிறுத்தி, 2022 டிசெம்பர் 12 இல் வாரம் நான்கு நாள் என்று மறுபடி வந்தது. 2023 ஜூலையில் நாள்தோறும் ஆனது. இண்டிகோ தன் ஏ.ரி.ஆர். விமானங்களோடு 2024 செப்டெம்பர் 1 இல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 இல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. திருச்சி பலாலியிலிருந்து வான்வழியே 200 கிலோமீற்றர் கூட இல்லை. சென்னை ஏறத்தாழ 350. கொழும்புக்குத் தரைவழி இதைவிடத் தூரம்.

சரி, பாதையை நீட்டினால் என்ன? முழு 2,300 மீற்றரையும் செப்பனிட்டால் ஏ320 வரலாம். 180 இருக்கை என்றால் செலவு அதிகப் பேருக்குப் பகிரப்படும், கட்டணம் இறங்க வழி பிறக்கும். பெங்களூர், சிங்கப்பூர் போன்ற ஊர்களையும் எண்ணிப் பார்க்கலாம். நீளம் மட்டும் போதாது. தளத்தின் தடிப்பு, விமானம் நிற்கும் இடம், தீயணைப்பு வசதி, குடிவரவு மண்டபம் எல்லாம் கூட வேண்டும். விமானம் பெரிதானால் தீயணைப்புத் தரமும் உயர வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கும் மேலே பெரிய பாதை கேட்டால், அது சுற்றியுள்ள காணிகளுக்குள் போகும்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அந்தக் காணிகள் வெறும் வரைபடக் கோடுகள் அல்ல. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த செம்மண். 1990 இல் கையில் எடுத்ததோடு ஓடியவர்கள் மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, துண்டு துண்டாக விடுவிக்கப்படும் நிலத்துக்காக இன்றும் காத்திருக்கிறார்கள். பெரிய விமானம் வேண்டும் என்று கேட்கும் உரிமை புலம்பெயர்ந்த நமக்கு உண்டு. ஆனால் அது யாருடைய தோட்டத்தின் மேலால் வரவேண்டும் என்பதை அந்தத் தோட்டக்காரரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். இராணுவம் வைத்திருக்கும் நிலத்தை எண்ணாமல் மக்களின் நிலத்தை எண்ணத் தொடங்குவது தலைகீழான கணக்கு.

இப்போதைக்குப் பலாலி வழியாக வர விரும்புகிறவர் சென்னையிலோ திருச்சியிலோ மாற வேண்டும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். முழுப் பயணமும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால் பெட்டி நேரே போய்ச் சேர வாய்ப்புண்டு. முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனிச்சீட்டு வாங்கினால், சென்னையில் குடிவரவைக் கடந்து வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. இல்லாதவரைப் புறப்படும் ஊரிலேயே ஏற்றமாட்டார்கள். பிந்தி வந்தால் இரண்டாவது சீட்டின் காசும் போகும், அன்றைக்கு வேறு விமானம் இல்லாமலும் போகலாம். நீண்ட பயணத்துக்குக் கிடைத்த இரண்டு பெரிய பெட்டிகளை 78 இருக்கை விமானம் அப்படியே ஏற்றாது. எடை வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர அட்டவணை உலகம் முழுவதும் மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். திருச்சிச் சேவை மார்ச் 30 இல் தொடங்கியதும் அதனால்தான். அந்த நாள்களை ஒட்டிச் சேவைகள் கூடவும் குறையவும் நிற்கவும் செய்யும், ஆகவே சென்ற ஆண்டு வந்தவர் சொன்ன நேரத்தை நம்பாமல் நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளுக்கும் இருக்கை சீக்கிரம் முடிந்துவிடும். கொடியேற்ற நாள் தெரிந்ததும் எடுத்துவிடுவது நல்லது.