கூடு விட்டுக் கூடு பாயும் கைப்பேசி

சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்கு மூளை இருக்கிறது, நினைவு இருக்கிறது, உலகத்தோடு உறவாடும் வழியும் இருக்கிறது. இல்லாதவை, கண்ணை இடுக்காமல் வாசிக்கத்தக்க அகன்ற திரையும், பத்து விரல்களும் தாராளமாக ஓடத்தக்க விசைப்பலகையும் ஆகிய இரண்டுமே. ஆதலின், அவ்விரண்டை மட்டும் உடையதாய், மூளை என்பதே இல்லாததாய் ஒரு மடிக்கணினிக் கூட்டைச் செய்து, வேண்டும்போது கைப்பேசியை அதில் பொருத்தி உயிர் கொடுத்தால், ஒருவன் இரண்டு யந்திரங்களை வாங்கவும், எந்தக் கோப்பு எதில் இருக்கிறதென்று தேடித் திரியவும் அவசியம் இராது என்ற எண்ணம் பொறியியலாளருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. சித்தர்களுக்கே உரியதென்று கதைகளில் கேட்ட கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையை, 2011ஆம் ஆண்டில் ஒரு கம்பெனி விலை போட்டு விற்க முன்வந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுப் பொருட்காட்சியில், மோட்டோரோலா நிறுவனத்தார் அட்ரிக்ஸ் என்ற கைப்பேசியையும், அதனோடு இணையும் லேப்டாக் என்ற கூட்டையும் காட்சிக்கு வைத்தார்கள். லேப்டாக்கைத் திறந்தால் 11.6 அங்குலத் திரையும், விசைப்பலகையும், ஒலிபெருக்கிகளும் காணப்பட்டன. திரையின் பின்புறம் விரியும் ஒரு சிறு பலகையில் இரண்டு செருகுமுனைகள் துருத்திக்கொண்டு நின்றன. கைப்பேசியை அவற்றின்மேல் பொருத்தியதும், ஒன்றன் வழியே படமும், மற்றொன்றன் வழியே மின்சாரமும் விசைகளின் செய்தியும் ஓட, லினக்ஸ் அடிப்படையில் அமைந்த வெப்டாப் என்ற மென்பொருள் திரையில் விரிந்து, கணினிக்குரிய முழுமையான ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் திறந்து காட்டிற்று. கைப்பேசியின் சொந்த மின்கலம் ஏறக்குறைய 7 வாட்-மணி கொள்ள, கூட்டின் மின்கலமோ 36 வாட்-மணி கொண்டது. காகிதத்தில் படிக்கும்போது இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

குறை விலைச்சீட்டில் இருந்தது. தொலைபேசிக் கம்பெனியுடன் இரண்டாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டால் அட்ரிக்ஸ் கைப்பேசி 200 டாலருக்குக் கிடைத்தது. தனியே வாங்கினால் கூட்டுக்கு மட்டும் 500 டாலர். மூளையுள்ள பொருளுக்கு 200, மூளையற்ற பொருளுக்கு 500 என்ற இந்த விநோதக் கணக்கை எந்தக் குடும்பஸ்தன் ஒப்புக்கொள்வான்? ஒப்பந்தத்தின் சலுகையால் கைப்பேசியின் மெய்யான விலை மறைந்திருந்தது என்பது உண்மையே. ஆயினும் கடைக்காரன் முன் நின்று பணப்பையைத் திறப்பவன் பொருளாதார சாஸ்திரத்தைக் கருதித் திறப்பதில்லை. போதாக்குறைக்கு, ஒரு ஜிகாபைட் நினைவகத்தை ஆண்ட்ராய்டும் வெப்டாப்பும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தமையால், பல பக்கங்களைத் திறந்தவுடன் யந்திரம் தயங்கித் தயங்கி நடக்கலாயிற்று. 2012 அக்டோபரில் மோட்டோரோலா வெப்டாப்பைக் கைவிட்டது. அதே மாதத்தில், அதே 11.6 அங்குலத் திரையுடன், கைப்பேசிகளுக்குரிய இனத்தைச் சேர்ந்த சில்லு ஒன்றை உள்ளே வைத்து, சாம்சங் நிறுவனம் 249 டாலருக்கு ஒரு குரோம்புக்கை விற்பனைக்கு விட்டது. வெறுங்கூட்டின் விலையில் பாதிக்கு உயிருள்ள கணினியே கிடைத்துவிட்ட பிறகு, கூட்டை வாங்க யார் வருவார்? விற்காமல் தேங்கிய லேப்டாக்குகளை மலிவாக வாங்கிய ஆர்வலர் சிலர், ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு அவற்றை உடலாக்கினார்கள் என்பது ஓர் உபகதை.

இங்கே இன்னும் பழையதொரு திருஷ்டாந்தத்தை நினைத்துப் பார்ப்பது பிரயோஜனப்படும். 1992இல் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் டியோ என்ற சின்ன மடிக்கணினியையும், அதை முழுவதுமாக விழுங்கிக்கொள்ளும் டியோ டாக் என்ற பெட்டியையும் வெளியிட்டது. பயணத்துக்கு ஏற்றபடி கனம் குறைக்கப்பட்ட அந்த மடிக்கணினிக்குள் நெகிழ்வட்டு இயக்கி கிடையாது. கூடுதல் அட்டைகளைச் செருக இடமும் கிடையாது. இவ்விரண்டையும் மேசைமேல் இருந்த பெட்டி கொடுத்தது. உள்ளே புகுந்த யந்திரம் தனித்திருந்தபோது செய்ய முடியாத காரியத்தைப் பெட்டிக்குள் இருந்தபோது செய்தது. லேப்டாக்கோ திரையையும் விசைகளையும் மின்சாரத்தையும் தந்ததேயன்றி, கைப்பேசியின் வல்லமையில் அணுவளவும் கூட்டவில்லை. கைப்பேசியிடமிருந்து வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் அதற்குத் தானும் ஏதேனும் கொடுக்கும் கூடே நிலைக்கும் என்பது என் அபிப்பிராயம். இனி வரும் திருத்தங்களையும் அந்த அளவுகோலைக் கொண்டே பார்க்க விரும்புகிறேன்.

இடைக்காலத்து முயற்சிகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2015இல் லூமியா 950 கைப்பேசியுடன் கொண்டுவந்த கண்டினியம் ஏற்பாடு, மேசைக்கணினியின் முகத்தைக் காட்டியதேயன்றி, மக்கள் பழகிய பழைய விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டவில்லை. சாம்சங் 2017இல் கேலக்ஸி எஸ்8 உடன் தொடங்கிய டெக்ஸ் ஒன்றுதான் விடாமல் வளர்ந்து வந்திருக்கிறது. 2018 ஜனவரியில் ரேசர் நிறுவனம் காட்டிய 'பிராஜெக்ட் லிண்டா' மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது: 13.3 அங்குலக் கூட்டில், சாதாரணமாகத் தொடுபலகை இருக்கும் பள்ளத்திலே கைப்பேசி படுத்துக்கொள்ளும். ஒரு விசையை அழுத்தியதும் செருகுமுனை தானே வெளிவந்து அதனோடு கூடும். கைப்பேசியின் திரையே தொடுபலகையாகும். அழகான யோசனை! ஆனால் அது கடைக்கு வரவே இல்லை.

வந்திருந்தாலும் நெடுநாள் வாழ்ந்திருக்குமா என்பது ஐயமே. ஒரு கைப்பேசியின் நீள அகலத்துக்கென்று வெட்டிய பள்ளம், மறு வருஷத்து மாதிரி அரை விரற்கடை வளர்ந்ததும் பயனற்றுப் போகிறது; காமிராப் புடைப்பு இடம் மாறினாலும் அதே கதிதான். கேபிளால் இணையும் கூட்டுக்கு இந்தத் துன்பம் இல்லை. 2014இல் வகுக்கப்பட்ட யூஎஸ்பி-சி என்ற ஒரே வாய், மின்சாரத்தையும் தரவையும் படத்தையும் ஒருங்கே கடத்த வல்லது. நெக்ஸ்டாக் போன்ற இக்காலத்துக் கூடுகள் அதை நம்பியே பிழைக்கின்றன. எனினும் வாய் ஒன்றுபோலிருந்தும் உள்ளே நரம்பு இல்லாத கைப்பேசிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன: மலிவான மாதிரிகள் பலவற்றில் அந்த வாய் வழியே படம் வெளிவருவதில்லை. கூகுளின் பிக்ஸல் 8இலேயே இந்த வழி 2024 ஜூனில் வந்த மென்பொருள் திருத்தத்துக்குப் பிறகுதான் திறந்தது. மடிக்கணினி வாங்க வசதியற்றவனுக்கே கூடு மிகுதியும் பயன்படும் என்று சொல்லிவிட்டு, அவன் வாங்கக்கூடிய கைப்பேசியில் மட்டும் அந்த வழியை அடைத்து வைப்பது என்ன நியாயமோ, உற்பத்தியாளர்களுக்கே வெளிச்சம்.

கூடு கொடுக்க வேண்டியவற்றுள் முதன்மையானது குளிர்ச்சி. இன்றைய உயர்தரச் சில்லுகள் சில நிமிஷங்களுக்கு மடிக்கணினிகளுக்குச் சளைக்காமல் ஓடும். பிறகு, விசிறியில்லாத அந்தச் சிறு தேகம் சில வாட் உஷ்ணத்துக்கு மேல் வெளியேற்ற இயலாமையால், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே கையகலத்துக்குப் பன்மடங்கான உலோகப் பரப்பை வைத்துக்கொண்டு, அதைத் திரையின் முதுகாக மட்டும் உபயோகிப்பது வீண்செலவு. கைப்பேசியின் முதுகைத் தொட்டு உஷ்ணத்தை வாங்கும் ஒரு தட்டையும், ஓசையடங்கிய ஒரு சிறு விசிறியையும் கூட்டில் அமைத்தால், அதே சில்லு மணிக்கணக்கில் முழு வேகத்தில் உழைக்கும். தட்டு வழுக்குமேடை போல் திறந்திருந்து, காந்தத்தாலோ நெகிழும் பிடிகளாலோ எந்த அளவுக் கைப்பேசியையும் ஏற்குமானால், பள்ளத்தின் குறையும் நீங்கும்.

அடுத்தது மின்சாரம். கூட்டின் மின்கலம் கைப்பேசியின் மின்கலத்தை நிரப்ப, அது சில்லுக்கு ஊட்ட என்ற இரட்டை வேலையில் ஒரு பங்கு சூடாகவே வீணாகிறது. நாள் முழுவதும் நிறைந்தும் வெந்தும் கிடக்கும் லித்தியம் மின்கலத்தின் ஆயுளும் குறைகிறது. மின்கலத்தை ஒதுக்கிவிட்டு நேரே சில்லுக்கு மின்சாரம் செல்லும் ஏற்பாடு விளையாட்டுப் பிரியர்களுக்காகச் சில கைப்பேசிகளில் ஏற்கெனவே இருக்கிறது. கூட்டில் பொருந்திய கணத்திலேயே அது தானாக இயங்கும்படி செய்ய, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை.

மென்பொருளின் பக்கத்திலும் காற்று சாதகமாகத் திரும்பியிருக்கிறது. கூகுள் 2025 மே மாதத்தில், டெக்ஸ் அனுபவமுள்ள சாம்சங்கோடு கூடி ஆண்ட்ராய்டுக்கே ஒரு மேசைமுகத்தை அமைப்பதாக அறிவித்தது. குத்துவாக்கில் மட்டுமே நிற்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் செயலிகளின் கட்டளையைப் பெரிய திரைகளில் பொருட்படுத்தாத விதியொன்றும் ஆண்ட்ராய்டு 16இல் சேர்ந்தது. ஆயினும் அழைப்பு வரும்போது என்ன செய்வது என்ற அற்ப விஷயத்தை எவரும் திருப்தியாகத் தீர்த்ததாகத் தெரியவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி எடுத்தால் திரை இருண்டு போகிறது. எடுக்காவிட்டால், அந்தரங்கமான பேச்சு ஒலிபெருக்கியில் அறை முழுவதும் கேட்கிறது. எடுத்துப் பேசி முடித்துத் திரும்ப வைத்ததும், விட்ட சாளரங்கள் விட்ட இடத்திலேயே, விட்ட வரியிலேயே காத்திருக்க வேண்டும். இதற்கு இன்னும் சிறிது நினைவகமும், அதைவிடச் சிறிது அக்கறையும் போதும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. முழு மடிக்கணினியின் விலையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகும் கூட்டை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அந்த விலையை ஒரு கைப்பேசியின் ஆயுளோடு மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் சரியன்று. பிக்ஸல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் ஏழாண்டு மென்பொருள் பாதுகாப்பு உண்டென்று அவற்றின் உற்பத்தியாளர்கள் வாக்களித்திருக்கிறார்கள். அவ்வாறாயின், எஸ்24 வாங்கியவர் மூன்றாண்டு கழித்துப் புதியதொன்றை வாங்கும்போது, பழையதை மேசை இழுப்பறையில் எறியாமல் கூட்டிலேயே நிரந்தரமாகக் குடியேற்றிவிடலாம். மின்கலம் தளர்ந்திருந்தாலும் கூட்டின் மின்சாரம் தாங்கும். வீட்டுப் பிள்ளை 2031 வரை அதில் பாடம் எழுதலாம், கணக்குப் போடலாம், நிரல் எழுதியும் பழகலாம்.